கற்றுக்கொடுக்கும் காற்றாலை: ஆஸ்கோவ் பள்ளி முதல் மெய்நிகர் விளையாட்டு வரை

வர்ச்சுவல் ரியாலிட்டி, அதாவது மெய்நிகர் உண்மை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது துப்பாக்கி சுடும் வீடியோ கேம்தான். தலையில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு காற்றில் கை வீசுபவரைப் பார்த்தால் சிரிப்பு வருவதும் இயல்பே. ஆனால் அதே பெட்டியை மாட்டிக்கொண்டு காற்றாலையின் உச்சியில் இருக்கும் இயந்திர அறைக்குள் போய், எந்த சுவிட்சை முதலில் அணைக்க வேண்டும், தீப்பிடித்தால் எந்த வழியாக இறங்க வேண்டும் என்று பழகுபவர்களும் இன்று இருக்கிறார்கள். காற்று மின்சாரம், சூரிய மின்சாரம் போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பொறியியலை விளையாட்டின் மூலம் கற்பிக்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடக்கின்றன.

இதற்குக் காரணம் எளிது. அறுபது பேர் இருக்கும் வகுப்பைக் காற்றாலையின் உச்சிக்குக் கூட்டிப்போக முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரை "தப்பு செய்து பார், என்ன ஆகிறது என்று கவனி" என்று மாணவர் கையில் கொடுக்கவும் முடியாது. விளையாட்டில் இரண்டும் முடியும்.

ஆனால் விளையாடிக் கற்பது உண்மையிலேயே கற்பதுதானா? இந்தக் கேள்வி தோன்றுவதற்கு மெய்நிகர் பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இதற்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அது தொடங்குவது டென்மார்க்கின் ஒரு கிராமத்துப் பள்ளியில்.

ஜன்னல் உடைந்த பள்ளிக்கூடம்

டென்மார்க்கில் ஜட்லாந்து பகுதியில் ஆஸ்கோவ் என்ற ஊர். அங்கே கிராமத்து இளைஞர்களுக்கான மக்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. 1878-ல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தவர் பால் லா கூர். வானிலை ஆய்வாளர், தந்தித் துறையில் கண்டுபிடிப்புகள் செய்தவர். நகரத்துக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்த காலம் அது. கிராமத்துக்கும் அது வர வேண்டும், இல்லாவிட்டால் இளைஞர்கள் எல்லோரும் நகரத்துக்கே ஓடிவிடுவார்கள் என்பது அவர் கவலை.

1891-ல் அரசு உதவியுடன் பள்ளி வளாகத்திலேயே மின்சாரம் தயாரிக்கும் சோதனைக் காற்றாலை ஒன்றைக் கட்டினார். காற்று எப்போதும் வீசாது என்ற சிக்கல் அவருக்கும் இருந்தது. காற்று வீசும்போது கிடைக்கும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைச் சேமித்து, அந்த வாயுவை எரித்துப் பள்ளிக்கு வெளிச்சம் தந்தார். பசுமை ஹைட்ரஜன் என்று இன்று பேசப்படுவதை அவர் 1890-களிலேயே செய்து பார்த்துவிட்டார்.

அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹைட்ரஜனோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துவிட்டால் வெடிக்கும். அப்படி வெடித்துப் பள்ளிக் கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடிகளைப் பலமுறை மாற்ற வேண்டி வந்ததாம். வாயுக்கலவையின் ஆபத்தைப் பற்றி அந்தப் பள்ளி மாணவர்களுக்குத் தனிப் பாடம் எதற்கு?

லா கூர் காற்றுச் சுரங்கம் அமைத்து இறக்கைகளின் வடிவத்தையும் சோதித்தார். மெதுவாகச் சுற்றும் பல இறக்கைகளைவிட வேகமாகச் சுற்றும் சில இறக்கைகளே மின்சாரம் தயாரிக்கச் சிறந்தவை என்று காட்டினார். 1903-ல் காற்று மின்சாரச் சங்கம் ஒன்று உருவானது. 1904 முதல் கிராமத்து எலெக்ட்ரீஷியன்களுக்கான பயிற்சி வகுப்புகள் ஆஸ்கோவில் நடந்தன. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பொறியியலுக்கான உலகின் மிகப் பழைய வகுப்புகளில் இது ஒன்று என்று தாராளமாகச் சொல்லலாம்.

பலன் என்ன? 1918 வாக்கில் டென்மார்க்கில் சுமார் 120 உள்ளூர் மின் நிலையங்களில் காற்றாலை இருந்தது. அதைவிடப் பெரிய பலன் ஒரு மாணவர். அந்த ஆரம்பகால வகுப்பில் படித்த ஜோஹன்னஸ் யூல், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1957-ல் கெட்சர் என்ற ஊரில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். மூன்று இறக்கைகள், மாறுதிசை மின்சாரம், வேகம் எல்லை மீறினால் இறக்கை நுனிகள் தாமாகத் திரும்பி பிரேக் போடும் ஏற்பாடு என்று நவீன காற்றாலையின் பல அம்சங்கள் அதில் இருந்தன. பெரிய பராமரிப்பு எதுவுமின்றி அது பதினோரு ஆண்டுகள் ஓடியது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1970-களில், அமெரிக்காவின் நாசா கேட்டுக்கொண்டதால் அதைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டி அளவீடுகள் எடுத்தார்கள்.

ஆஸ்கோவ் மாணவர்களுக்குக் கிடைத்தவை மூன்று: கண்ணெதிரே ஓடும் இயந்திரம், அதில் தாமே அளந்து பார்க்கும் வாய்ப்பு, தவறு நடந்தால் ஏன் நடந்தது என்று சொல்லும் ஆசிரியர். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் எல்லாக் கருவிகளையும் இவற்றை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து விமானப்படைக்கு

காற்றாலையிலாவது ஜன்னல் கண்ணாடியோடு போயிற்று. விமானத்தில் தவறு செய்தால் உயிரே போகும். அதனால் போலி இயந்திரத்தில் பழகும் யோசனை அங்கேதான் வேகம் பிடித்தது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊர். எட்வின் லிங்க் என்பவரின் தந்தை அங்கே தியேட்டர் ஆர்கன்களும் தானாக வாசிக்கும் பியானோக்களும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனில் காற்றை ஊதும் துருத்திகளையும் பம்புகளையும் பயன்படுத்தி, 1929-ல் தரையிலேயே சாய்ந்து திரும்பும் ஒரு குட்டி விமானத்தை லிங்க் செய்தார். விமானம் ஓட்டப் பழக இது போதும் என்றார். விமானப் பள்ளிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாங்கியவர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். காசு போட்டால் ஆடும் விளையாட்டுச் சாதனமாக அது அங்கே போய் நின்றது!

1934-ல் நிலைமை மாறியது. தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பு திடீரென்று அமெரிக்க ராணுவ விமானப்படையிடம் வந்தது. இரவிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி பலருக்குப் போதவில்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட விமானிகள் இறந்தார்கள். அதே ஆண்டில் ராணுவம் ஆறு லிங்க் பயிற்சிக் கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் சுமார் ஐந்து லட்சம் பேர் லிங்க் கருவியில் பயிற்சி பெற்றுவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. லிங்க் கருவி பார்க்க உண்மையான விமானம் போலவே இல்லை. குட்டையான இறக்கைகளோடு பொம்மை மாதிரிதான் இருந்தது. மூடியைச் சாத்தினால் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் கருவிகளைப் படித்து முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் அதில் இருந்தது. பக்கத்தில் ஒரு பயிற்றுநர் உட்கார்ந்திருந்தார், மாணவர் போன பாதை அவர் முன்னால் இருந்த தாளில் கோடாகப் பதிவானது. தோற்றம் பொய். முடிவெடுக்கும் பயிற்சி மெய்.

சிமுலேட்டர் சொல்லித்தராத பாடம்

அப்படியானால் சிமுலேட்டரில் பழகினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆற்றல் துறையின் வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட விபத்து ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது.

1979 மார்ச் 28. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். தண்ணீர் பம்புகள் நின்றன. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. உலையின் குளிர்நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் தெரிந்த அடையாளங்கள் குழப்பின. அழுத்தம் இறங்குகிறது, அழுத்தத் தொட்டியில் நீர்மட்டமோ ஏறுகிறது. நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்த ஊழியர்கள், உலையைக் காப்பாற்ற வந்துகொண்டிருந்த அவசர நீரைத் தாங்களே குறைத்துவிட்டார்கள். உலையின் மையப்பகுதி பாதியளவு உருகியது.

அவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் கிடையாது. சிமுலேட்டரில் பழகியவர்கள். ஆனால் அந்தச் சிமுலேட்டர் இப்படி ஒரு நிலையைக் காட்டும்படி அமைக்கப்படவில்லை. அழுத்தம் இறங்கும்போது நீர்மட்டம் ஏறும் என்பதை அந்தப் போலி உலை அவர்களுக்கு ஒருபோதும் காட்டியதில்லை. அழுத்தத் தொட்டி முழுக்க நீரால் நிரம்பிவிடக் கூடாது என்பதைத்தான் பயிற்சி அழுத்திச் சொல்லியிருந்தது. விபத்தை விசாரிக்க அமைக்கப்பட்ட கெமனி ஆணையம் பயிற்சியின் குறைகளை முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் கட்டுப்பாட்டு அறையைப் போன்றே சிமுலேட்டர் வேண்டும் என்ற நிலை அமெரிக்காவில் வந்தது.

செய்தவருக்குத் தோன்றாத எதையும் சிமுலேட்டர் சொல்லித்தராது. காற்றாலை விளையாட்டாக இருந்தாலும் அணு உலை விளையாட்டாக இருந்தாலும் இதுதான் விதி. எதிர்பாராத நிலை வரும்போது கைகொடுப்பது பழக்கம் மட்டும் போதாது. உள்ளே என்ன நடக்கிறது என்ற புரிதலும் வேண்டும்.

எண்ணெய் ஆலையும் ஒரு விளையாட்டு

சிமுலேட்டர்கள் கோடிக்கணக்கில் விலை பிடித்தவை. சாதாரண மாணவரின் மேசைக்கு அவை வரவில்லை. வந்தது கம்ப்யூட்டர் கேம்.

1989-ல் வில் ரைட் உருவாக்கிய சிம்சிட்டி வெளிவந்தது. நகரத்தைக் கட்டி நிர்வகிக்கும் விளையாட்டு. மின்சாரம் இல்லாமல் ஒரு வீடும் வளராது. முதல் விளையாட்டில் இரண்டே வகை மின் நிலையங்கள்: நிலக்கரி, அணு. 1993-ல் வந்த சிம்சிட்டி 2000-ல் நீர்மின்சாரம், காற்றாலை, சூரிய மின்சாரம் எல்லாம் சேர்ந்தன. நீர்மின் நிலையத்தை அருவி இருக்கும் கட்டத்தில் மட்டுமே வைக்க முடியும். காற்றாலை மலிவு, ஆனால் ஒன்றிலிருந்து கிடைப்பது கொஞ்சம். எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாமலேயே, ஆற்றலுக்கு இடம், விலை, மாசு என்ற மூன்று கணக்கும் உண்டு என்பது லட்சக்கணக்கான சிறுவர்களுக்குப் புரிந்தது.

இந்த விளையாட்டைப் பார்த்து ஓர் எண்ணெய் நிறுவனத்துக்கு ஆசை வந்தது. செவ்ரான் நிறுவனம் தன் ரிச்மண்ட் சுத்திகரிப்பு ஆலையை மாதிரியாக வைத்து ஒரு விளையாட்டு செய்துதரச் சொன்னது. சிம்சிட்டியை வெளியிட்ட மேக்சிஸ் நிறுவனத்தின் வணிகப் பிரிவு, ஜான் ஹைல்ஸ் தலைமையில், 1992-ல் சிம்ரிஃபைனரி என்ற விளையாட்டை உருவாக்கியது. கடைகளில் விற்கப்படாததால் அது பல ஆண்டுகள் யாரும் பார்க்காத பொருளாகவே இருந்தது. 2020-ல்தான் அதன் ஒரு பிரதி இணையத்தில் பொதுவெளிக்கு வந்தது.

அதன் நோக்கம் சுவாரசியமானது. ஆலையை இயக்கும் ஆபரேட்டர்களுக்கான பயிற்சியாக அது செய்யப்படவில்லை. பொறியாளர் அல்லாத அலுவலர்களுக்கு, ஆலையின் ஒரு மூலையில் எடுக்கும் முடிவு இன்னொரு மூலையை எப்படிப் பாதிக்கிறது என்று காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. முழு அமைப்பையும் ஒரே பார்வையில் பார்க்க வைப்பதுதான் விளையாட்டின் பலம் என்பதை அதை உருவாக்கியவர்கள் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். ஆற்றல் பொறியியலைக் கணினி விளையாட்டாக்கிய முன்னோடி முயற்சி எண்ணெய்க்காக நடந்தது என்பது வரலாற்றின் குறும்பு.

தலையில் மாட்டிய உலகம்

சிம்சிட்டியில் விளையாடுபவர் மேலே இருந்து பார்க்கிறார். உள்ளேயே போய் நிற்க முடிந்தால்? அந்தக் கனவு சிம்சிட்டியைவிடப் பழையது.

திரைப்படக் கலைஞர் மார்ட்டன் ஹைலிக் 1962-ல் சென்சோரமா என்ற பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். முப்பரிமாணப் படம், இருபக்க ஒலி, அதிரும் இருக்கை, முகத்தில் காற்று, மூக்குக்கு வாசனை என எல்லாம் அதில் உண்டு. ஆபத்தான சூழலில் ஆட்களை நிறுத்தாமலேயே அவர்களுக்குப் பயிற்சி தரும் தேவை வளர்ந்துவருகிறது என்பதை அந்தக் காப்புரிமையிலேயே அவர் காரணமாகக் காட்டியிருந்தார். பணம் போட ஆள் கிடைக்கவில்லை, முயற்சி நின்றுபோனது.

1968-ல் ஹார்வர்டில் ஐவன் சதர்லாண்ட் தலையில் மாட்டும் கணினித் திரையைச் செய்தார். தெரிந்தவை வெறும் கோடுகளால் ஆன உருவங்கள். ஆனால் தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பியது. 1980-களில் ஜேரன் லனியர் அந்தத் துறைக்கு வர்ச்சுவல் ரியாலிட்டி என்ற பெயரைப் பரவலாக்கினார். கருவியின் விலை சாதாரண மக்கள் தொட முடியாத உயரத்தில் இருந்தது.

அந்த விலையைக் கொடுக்கக்கூடிய இடம் நாசா. 1990-ல் விண்ணுக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடியில் குறை இருந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள். அந்தப் பணிக்கு முன்பு, தரையிலிருந்து வழிநடத்தும் குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் மெய்நிகர் ஹப்பிளில் பயிற்சி பெற்றார்கள். விண்வெளி வீரர்களோ பெரிய நீர்த்தொட்டிக்குள் உண்மையான அளவில் செய்த மாதிரியில் நீந்திப் பழகினார்கள். இரண்டும் சேர்ந்தே பயன்பட்டன, ஒன்றுக்கு ஒன்று மாற்றாக அல்ல.

பிறகு 2012-ல் ஓகுலஸ் ரிஃப்ட் என்ற கருவி கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடமிருந்து 24 லட்சம் டாலர் திரட்டியது. சோதனைக் கருவியின் விலை சுமார் 300 டாலர். 2014-ல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே ஆண்டில் கூகுள், அட்டைப்பெட்டிக்குள் செல்போனைச் செருகிப் பார்க்கும் கார்ட்போர்டை வெளியிட்டது. நாசாவுக்கு மட்டும் கட்டுப்படியான ஒன்று கல்லூரி ஆய்வகத்துக்கும் கட்டுப்படியாகத் தொடங்கியது இப்படித்தான்.

ஒரு தீ விபத்து

இதற்கிடையில் காற்றாலைகள் ராட்சத உருவம் எடுத்திருந்தன. கெட்சர் காற்றாலை 200 கிலோவாட். இன்று கடலில் நிறுத்தப்படும் ஒரே காற்றாலை 10 மெகாவாட்டைத் தாண்டுகிறது, அதாவது ஐம்பது கெட்சர்களுக்கு மேல். பெரிதாகப் பெரிதாக, உச்சியில் வேலை செய்பவர் தரையிலிருந்து விலகிப் போகிறார்.

2013 அக்டோபர் 29. நெதர்லாந்தில் ஓல்ட்கென்ஸ்பிளாட் என்ற ஊருக்கு அருகில் நான்கு தொழிலாளர்கள் ஒரு காற்றாலையில் பராமரிப்பு வேலையில் இருந்தார்கள். இயந்திர அறையில் தீப்பிடித்தது. இருவர் இறங்கித் தப்பினார்கள். மற்ற இருவருக்கு வழி அடைபட்டுவிட்டது. தீயணைப்பு வாகனங்கள் வந்தும் அந்த உயரத்தை எட்ட முடியவில்லை. இறந்த இருவரின் வயது 19, 21. கல்லூரியில் படிக்கும் வயது.

எந்த விளையாட்டும் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்வது நியாயம் ஆகாது. தீயை வடிவமைப்பில் தடுப்பதும், இரண்டாவது வழி வைப்பதும், பாதுகாப்பு விதிகளும்தான் முதல் கடமை. ஆனால் இந்தத் தொழிலில் பயிற்சி எவ்வளவு முக்கியம் என்பதை இந்த விபத்து உலகுக்குக் காட்டியது. முதலுதவி, தீ விழிப்புணர்வு, உயரத்தில் வேலை, பாரம் தூக்கும் முறை, கடலில் உயிர்பிழைத்தல் ஆகிய ஐந்தையும் உலகக் காற்று அமைப்பு தன் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியாக வகுத்திருக்கிறது. கயிற்றில் இறங்குவதை உண்மையான கயிற்றில்தான் பழக வேண்டும். ஆனால் புகை சூழ்ந்த இயந்திர அறையில் "இப்போது எந்தப் பக்கம்?" என்று முடிவெடுப்பதை உண்மையான புகையில் நூறு முறை பழக முடியாது. மெய்நிகர் விளையாட்டில் முடியும்.

பரீட்சை வைத்துப் பார்த்தார்கள்

சரி, மெய்நிகரில் கற்றவர்கள் உண்மையில் கற்றார்களா? ஆய்வாளர்கள் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். முடிவுகள் ஒரே மாதிரி இல்லை.

2018-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் ஜோஸ்லின் பரோங், ரிச்சர்ட் மேயர் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல் செல்களைப் பற்றிய பாடத்தை ஒரு குழு மெய்நிகரில் படித்தது, இன்னொரு குழு சாதாரண ஸ்லைடுகளில் படித்தது. மெய்நிகர் குழுவுக்கு உற்சாகம் அதிகம். மதிப்பெண் ஸ்லைடு குழுவுக்கு அதிகம்! ஆனால் மெய்நிகர் பாடத்தை ஒவ்வொரு பகுதியாக நிறுத்தி, புரிந்ததைச் சுருக்கி எழுதச் சொன்னபோது அந்தக் குழுவின் கற்றல் மேம்பட்டது.

டென்மார்க்கின் கைடோ மக்ரான்ஸ்கி குழு 52 மாணவர்களிடம் செய்த ஆய்விலும் இதே கதைதான். தலைப்பெட்டி மாட்டிய மாணவர்கள் அந்த இடத்திலேயே இருப்பதாக உணர்ந்தார்கள், ஆனால் கணினித் திரையில் படித்தவர்களைவிடக் குறைவாகவே கற்றார்கள். வேடிக்கை பார்ப்பதிலேயே மூளை களைத்துவிட்டது எனலாம்.

இதோடு நிறுத்திவிட்டால் மெய்நிகர் வெறும் பகட்டு என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் 2019-ல் அதே மக்ரான்ஸ்கி இன்னொரு ஆய்வை வெளியிட்டார். முதலாம் ஆண்டு பொறியியல் மாணவர்கள் 105 பேர். பாடம், ஆய்வகப் பாதுகாப்பு. ஒரு குழு அச்சிட்ட கையேட்டைப் படித்தது, ஒரு குழு கணினித் திரையில், ஒரு குழு தலைப்பெட்டியில் கற்றது. எழுத்துத் தேர்வில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் உண்மையான ஆய்வகத்துக்குள் விட்டு, பிரச்சினையைத் தீர்க்கச் சொன்னபோது, தலைப்பெட்டியில் பழகியவர்கள் கையேடு படித்தவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள்.

இந்த ஆய்வுகள் ஒன்றையொன்று மறுக்கவில்லை. காரணத்தைப் புரிந்துகொள்ளும் பாடத்துக்கு வெறும் பிரமிப்பு உதவாது. ஓர் இடத்தில் நின்று எதைச் செய்ய வேண்டும் என்ற பாடத்துக்கு, அந்த இடத்தில் நின்ற அனுபவம் உதவுகிறது.

எதை விளையாட்டாக்கலாம்?

காற்று மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். காற்றிலுள்ள ஆற்றலில் அதிகபட்சம் 59.3 சதவீதத்தைத்தான் எந்தக் காற்றாலையும் எடுக்க முடியும் என்பது ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் பெயரால் அழைக்கப்படும் விதி. இவற்றுக்குத் தலைப்பெட்டி தேவையில்லை. தாளும் பேனாவும் போதும். சொல்லப்போனால் அவைதான் நல்லது.

ஒரு காற்றாலைக்குப் பின்னால் இன்னொன்றை வைத்தால், முன்னது கலக்கிவிட்ட காற்றுதான் பின்னதற்குக் கிடைக்கும், உற்பத்தி குறையும். எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எந்தத் திசைக் காற்றுக்கு எப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்பது நல்ல விளையாட்டுப் பொருள். சிம்சிட்டி போல மேலிருந்து பார்க்கும் சாதாரணத் திரையே இதற்குச் சரி. மாணவர் இடத்தை மாற்றி மாற்றி வைக்கலாம், ஆண்டு உற்பத்தி ஏறுவதையும் இறங்குவதையும் காணலாம், ஏன் என்று கேட்கலாம்.

இயந்திர அறைக்குள் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டும் வரிசை, மறந்தால் வரும் விளைவு, தீயின்போது வெளியேறும் வழி ஆகியவற்றுக்குத்தான் தலைப்பெட்டி. சூரிய மின் தகடுகளிலும் அப்படியே. வெயில் இருக்கும்வரை தகட்டில் மின்னழுத்தம் இருக்கும், மெயின் சுவிட்சை அணைத்தாலும் கூரையிலிருந்து வரும் வயரில் மின்சாரம் போகாது என்பதை வகுப்பில் கேட்டவர் மறக்கலாம். விளையாட்டில் ஒருமுறை "இறந்தவர்" அவ்வளவு சுலபமாக மறக்கமாட்டார்.

எந்த விளையாட்டானாலும் முடிந்ததும் பெட்டியைக் கழற்றி வைத்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று மாணவரே எழுத வேண்டும். லிங்க் கருவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்றுநரின் தாளில் பதிவான கோடு உதவியதும் இதற்குத்தான்.

கயத்தாறு வரை வந்த காற்று

லா கூரின் நாட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் நேரடித் தொடர்பு உண்டு. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் முன்மாதிரிக் காற்றாலைப் பண்ணைகள் அமைந்தன. 1998-ல் சென்னையில் காற்று ஆற்றல் தொழில்நுட்ப மையம் தொடங்கியது. தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் என்று பின்னாளில் பெயர் மாறியது அதுதான். டென்மார்க்கின் உதவியோடு அதன் காற்றாலைச் சோதனை நிலையம் கயத்தாறில் அமைந்தது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல்.

அத்தனை காற்றாலைகளிலும் யாரோ ஏறி இறங்குகிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பேருந்தில் போகும்போது இருபுறமும் சுற்றும் இறக்கைகளைப் பார்க்காத பொறியியல் மாணவர்கள் தென் தமிழகத்தில் குறைவு. அதன் உள்ளே நின்று பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்த இடைவெளியைக் குறைக்க மெய்நிகர் விளையாட்டு ஒரு நல்ல ஏணி. ஆனால் ஏணியே மாடி ஆகிவிடாது.

ஆஸ்கோவில் கிடைத்த மூன்றை இப்போது மறுபடி எண்ணிப் பார்க்கலாம். இயந்திரத்தைக் கண்ணெதிரே கொண்டுவர மெய்நிகரால் முடிகிறது. அளந்தும் மாற்றியும் பார்க்க விடுவது, விளையாட்டை உருவாக்குபவரின் நேர்மையைப் பொறுத்தது. தவறு ஏன் நடந்தது என்று விளங்க வைக்க மட்டும் இன்னும் ஓர் ஆசிரியர் தேவைப்படுகிறார். கல்லூரி ஒன்று பத்துத் தலைப்பெட்டிகள் வாங்கியிருக்கிறது என்று பெருமையாக அறிவித்தால், மாணவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பெட்டியைக் கழற்றிய பிறகு பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்?